பரணில் கிடக்கும் டேப்பும் நியூபோர்ட்டில் ஊதிய 27 சுற்றும்!

திருநெல்வேலியிலிருந்து தென்காசிப் பக்கம் போகும் பாசஞ்சர் ரயில், சேரன்மகாதேவியை விட்டதும் அடுத்து நிற்கும் ஊர் காருகுறிச்சி. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பச்சைப் பசேலென்று வயல்கள். மண்பாண்டத்துக்குப் பேர் போன ஊர். ஆனால், ஊர்ப் பேரைச் சொன்னதும் வெளியூர்க்காரர்கள் பலருக்கு நினைவுக்கு வருவது நாகஸ்வரம்தான்.

செல்போனை எடுத்து 'காருகுறிச்சி' என்று தேடிப் பாருங்கள். முதலில் வந்து நிற்பது 1962-ல் வெளியான 'கொஞ்சும் சலங்கை' படத்தின் 'சிங்கார வேலனே தேவா' பாட்டு. எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசை, ஆபேரி ராகம், எஸ்.ஜானகியின் குரல். அந்தக் குரலோடு போட்டி போட்டு வளைந்து வளைந்து போகும் நாகஸ்வரம், காருகுறிச்சி அருணாசலத்துடையது. அறுபது வருஷம் தாண்டியும் கல்யாண மண்டபங்களில் அந்தப் பாட்டுக்கு மவுசு குறையவில்லை.

திரையில் விரலைக் கொஞ்சம் கீழே தள்ளினால் வேறு வகைப் பதிவுகள் வரும். அவரது முழுக் கச்சேரிகள். சிலவற்றில் ஒலி மங்கியிருக்கும். இடையில் யாரோ இருமுவார்கள். தவில் சத்தம் சில இடங்களில் நாயனத்தையே அமுக்கிவிடும். சினிமாப் பாட்டின் சுத்தமான ஒலிக்குப் பழகிய காது, ஒரு நிமிஷத்தில் அடுத்ததற்குத் தாவிவிடும்.

தாவுவதற்கு முன்னால் ஒரு கதையைக் கேட்டுவிடலாம். அமெரிக்காவில் நடந்த கதை. இரைச்சலும் கோளாறும் நிறைந்த ஒரு மேடைப் பதிவு, ஒரு கலைஞரின் தலையெழுத்தையே மாற்றிய கதை.

மார்க்கெட் போன ராஜா

டியூக் எலிங்டன். 1899-ல் பிறந்த அமெரிக்கக் கறுப்பினப் பியானோ கலைஞர், இசையமைப்பாளர். ஜாஸ் இசையில் 'பிக் பேண்ட்' என்று ஒரு வகை உண்டு. நாலைந்து பேர் சேர்ந்து வாசிப்பது போல இல்லாமல், டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் என்று வரிசை வரிசையாக ஊதுபவர்கள், பின்னால் பியானோ, பாஸ், டிரம்ஸ் என்று பதினைந்து பேர் வரை இருக்கும் பெரிய செட். 1930-களில் அமெரிக்கா முழுக்க இந்த இசைக்குத்தான் ஆடியது. எலிங்டன் அதில் ஒரு ராஜா.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் காற்று மாறியது. பாடகர்கள் பக்கம் ரசிகர்கள் போனார்கள். பிறகு ராக் அண்ட் ரோல் வந்தது. பதினைந்து பேருக்குச் சம்பளம் கொடுத்து ஊர் ஊராகக் கூட்டிப் போவது கட்டுப்படியாகாமல், பெரிய பேண்டுகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. எலிங்டன் மட்டும் கலைக்கவில்லை. தான் முன்பு எழுதிய பாட்டுகளுக்கு வந்த ராயல்டி பணத்தைப் போட்டு செட்டைக் காப்பாற்றினார். 1955 கோடையில் நியூயார்க்கில் ஒரு நீச்சல் வேடிக்கைக் காட்சிக்குப் பின்னணி வாசிக்கும் நிலைமை. 'எலிங்டன் கதை முடிந்தது' என்று பத்திரிகைகளில் பேச்சு வர ஆரம்பித்த நேரம் அது.

நல்ல நாளில் நாலு ஊர் கூப்பிட்டு, சினிமாப் பாட்டு செட்டுகள் வந்த பிறகு ஒரு ஊரும் கூப்பிடாமல், ஆனாலும் சேர்ந்தவர்களை விடாமல் மேளம் கட்டி நடத்திய வித்வான்களைத் தாமிரபரணிக் கரையில் பார்த்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் புதிதாக இருக்காது.

மூன்று மணி நேரக் காத்திருப்பு

1956 ஜூலை 7, சனிக்கிழமை. ரோட் ஐலண்ட் மாகாணத்தின் நியூபோர்ட் நகரில் ஜாஸ் விழா. ஜார்ஜ் வீன் என்பவர் 1954-ல் தொடங்கிய விழா அது. திறந்தவெளி மைதானம். நாற்காலி போட்டு ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எலிங்டன் செட் முதலில் மேடை ஏறியபோது நாலு பேரைக் காணோம். இருந்தவர்களை வைத்து இரண்டு, மூன்று உருப்படி வாசித்துவிட்டு இறங்கினார்கள். அதன்பிறகு மற்ற குழுக்கள் ஒவ்வொன்றாக மேடை ஏறின. எலிங்டன் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் காத்திருந்தார். மறுபடி கூப்பிட்டபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது. கூட்டத்தில் ஒரு பகுதி எழுந்து கார் நிறுத்திய இடத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தது.

கடைசியாக மேளம் வைத்திருக்கிறார்கள் என்றால் அதன் அர்த்தம் நம்மூர்க்காரர்களுக்குத் தெரியும். ஒன்று, பெரிய வித்வான் என்று மரியாதை. இல்லாவிட்டால், கூட்டம் கலையும் நேரத்துக்கு யாராவது வாசித்தால் சரி என்ற அலட்சியம். இரண்டில் எது என்று எலிங்டனுக்குப் புரியாமல் இல்லை. கோபத்தோடுதான் மேடை ஏறினார் என்று அவருடன் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

விழாவுக்கென்றே புதிதாக எழுதிய மூன்று பகுதி இசைத்தொகுப்பை வாசித்தார்கள். மரியாதையான கைதட்டல் கிடைத்தது. அவ்வளவுதான். பிறகு எலிங்டன் எடுத்தது ஒரு பழைய சரக்கு. 1937-ல் எழுதியது. 'டிமினுயெண்டோ இன் புளூ', 'கிரெசெண்டோ இன் புளூ' என்று இரண்டு துண்டுகள். முதலாவது, பெரிய சத்தத்தில் தொடங்கிப் படிப்படியாக அடங்கும். இரண்டாவது, அடங்கிய இடத்திலிருந்து படிப்படியாக ஏறும். இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலத்தைத் தனியாக ஊதிக் கட்டும் வேலை, டெனார் சாக்ஸபோன் வாசிக்கும் பால் கான்சால்வஸுக்கு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஊதலாம் என்று அனுமதி.

162 ஆவர்த்தனம்

கான்சால்வஸ் ஊதினார். ஒரு சுற்று முடிந்தது. இரண்டு. ஐந்து. பத்து.

இங்கே கணக்கு கொஞ்சம் தெரிந்தால் சுவை கூடும். புளூஸ் இசையில் ஒரு சுற்று என்பது 12 பட்டி. ஒவ்வொரு பட்டிக்கும் 4 எண்ணிக்கை. ஆக, சுற்றுக்கு 48. நம் ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனத்துக்கு 8 எண்ணிக்கை. அப்படியானால் ஒரு புளூஸ் சுற்று என்பது ஆறு ஆவர்த்தனம். கான்சால்வஸ் அன்று மூச்சு விடாமல் போட்டது 27 சுற்று. 162 ஆவர்த்தனம்! ஆறு நிமிஷத்துக்கும் மேல், ஒரே ஆள், ஒரே ஓட்டம்.

செட்டில் இருந்த மற்ற குழல்கள் எல்லாம் மௌனம். பின்னால் பாஸும் டிரம்ஸும் மட்டும் தாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போகின்றன. எலிங்டன் அவ்வப்போது பியானோவில் ஒரு தட்டு தட்டி, "ஆங், விடாதே" என்கிற மாதிரி குரல் கொடுக்கிறார். மேடை ஓரத்தில் ஜோ ஜோன்ஸ் என்ற புகழ்பெற்ற டிரம்ஸ் கலைஞர். அவர் எலிங்டன் செட்டைச் சேர்ந்தவரே இல்லை. ஆனாலும் கையில் இருந்த செய்தித்தாளைச் சுருட்டி மேடை விளிம்பில் தட்டித் தட்டி உற்சாகம் கொடுக்கிறார்.

ஏழெட்டுச் சுற்று தாண்டியதும் முன்வரிசைப் பக்கம் கறுப்பு உடை அணிந்த ஒரு பெண் எழுந்து ஆட ஆரம்பித்தார். பணக்காரர்கள் அமர்ந்து கேட்கும் அந்தப் பகுதியில் அப்படி யாரும் ஆடுவது வழக்கமில்லை. அவரைப் பார்த்து இன்னொருவர். பிறகு பத்துப் பேர். பிறகு கூட்டமே நாற்காலி மேல். வெளியே நடந்துகொண்டிருந்தவர்கள் திரும்பி ஓடி வந்தார்கள்.

நெல்லைச் சீமையில் ஒரு கோயில் கொடைக்குப் போனவருக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. நையாண்டி மேளம் சீராகப் போய்க்கொண்டிருக்கும். ஒரு கட்டத்தில் தவில்காரர் யாரோ ஒருவர் முகத்தைப் பார்ப்பார். அந்த முகத்தில் ஏதோ மாற்றம். உடனே நாயனத்துக்குக் கண் காட்டுவார். ஒரே அடி திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இறுக்கமாக. அடுத்த நிமிஷம் அந்த ஆளுக்கு அருள் வந்திருக்கும். ஒருவருக்கு வந்ததும் பக்கத்தில் இருவருக்கு வரும். மேளம் ஆட்டத்தை வளர்க்கும். ஆட்டம் மேளத்தை வளர்க்கும். யார் யாரை இழுத்துப் போகிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நியூபோர்ட்டில் நடந்ததும் ஏறக்குறைய அதேதான். கான்சால்வஸ் 27 சுற்று ஊதியதற்கு அந்தப் பெண்ணும் ஒரு காரணம். ஸ்டூடியோவில், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு இன்ஜினீயர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இத்தனை சுற்று போயிருக்குமா என்பது சந்தேகமே.

கலவரம் ஆகிவிடுமோ என்று பயந்த ஜார்ஜ் வீன், கச்சேரியை முடிக்கச் சொல்லி சைகை காட்டினார். எலிங்டன் முடிக்கவில்லை. சட்டென்று நிறுத்தினால்தான் ஆபத்து என்று அவருக்குத் தெரியும். ஜானி ஹாட்ஜஸ் என்ற தன் மூத்த சாக்ஸபோன் கலைஞரை முன்னால் விட்டு, மெதுவான உருப்படிகளால் கூட்டத்தை இறக்கினார். கொடையில் கடைசியாகத் திருநீறு பூசி, தண்ணீர் தெளித்து அமர்த்துகிற மாதிரி.

ஆகஸ்ட் மாதம் 'டைம்' பத்திரிகையின் அட்டையில் எலிங்டன் படம் வந்தது. 'எலிங்டன் அட் நியூபோர்ட்' இசைத்தட்டு அவர் வாழ்நாளிலேயே அதிகம் விற்றது. தான் பிறந்ததே 1956-ல் நியூபோர்ட்டில்தான் என்று பிற்பாடு அவர் வேடிக்கையாகச் சொல்வது வழக்கம். அப்போது அவருக்கு வயது 57.

தப்பான மைக்

இனிதான் பலருக்கும் தெரியாத பகுதி.

அன்று மேடையில் இரண்டு தரப்பு மைக்குகள் இருந்தன. ஒன்று, இசைத்தட்டு வெளியிடவிருந்த கொலம்பியா நிறுவனத்துடையது. இன்னொன்று, வெளிநாட்டு ஒலிபரப்புக்காகப் பதிவு செய்த 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலியுடையது. கான்சால்வஸ் முன்னால் வந்து நின்றது வானொலி மைக்குக்கு முன்னால்! கொலம்பியா டேப்பில் அவர் சாக்ஸபோன் எங்கோ தூரத்தில் கேட்டது. இசைத்தட்டு வாங்கிய லட்சோப லட்சம் பேரும், சரித்திரமான அந்த வாசிப்பைப் பக்கத்துத் தெருவிலிருந்து கேட்பது போலத்தான் கேட்டார்கள்.

இன்னொரு சங்கதியும் உண்டு. புதிதாக எழுதிய இசைத்தொகுப்பு மேடையில் அவ்வளவு சுத்தமாக அமையவில்லை. ஜூலை 9, திங்கட்கிழமை, தயாரிப்பாளர் ஜார்ஜ் அவாக்கியன் செட்டை நியூயார்க் ஸ்டூடியோவுக்கு வரவழைத்து மறுபடி வாசிக்க வைத்துப் பதிவு செய்தார். அதன்மேல் கைதட்டல் ஒலியை ஒட்டினார்கள். 'நேரடி மேடைப் பதிவு' என்று உலகம் கொண்டாடிய இசைத்தட்டில், கணிசமான பகுதி ஆளில்லாத அறையில் வாசித்தது.

நாற்பது வருஷம் இப்படியே போனது. 1996-ல் அமெரிக்காவின் தேசிய நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா'வின் டேப்புகள் கிடைத்தன. அதில் கான்சால்வஸ் பக்கத்திலேயே நின்று ஊதுகிறார்!

இரண்டு டேப்பும் ஒரே கச்சேரியை, மேடையின் வெவ்வேறு இடங்களிலிருந்து கேட்டவை. மனிதனுக்கு இரண்டு காது இருக்கிற மாதிரி. இரண்டையும் விநாடி பிசகாமல் இணைத்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றொன்றை வலப்பக்கமும் வைத்தபோது, ஸ்டீரியோவில் பதிவாகாத கச்சேரி ஸ்டீரியோவில் கேட்டது. 1999-ல், எலிங்டனின் நூற்றாண்டில், முழுக் கச்சேரியும் இரண்டு குறுந்தகடுகளாக வெளிவந்தது. மேடையில் நடந்த பிசகுகள், தடங்கல்கள், கூட்டத்தின் கூச்சல் எல்லாம் அப்படியே. எலிங்டனும் கான்சால்வஸும் 1974-லேயே போய்விட்டார்கள். இருவருமே அதைக் கேட்கவில்லை.

யாரோ ஒருவர், "இது ரேடியோக்காரன் எடுத்த நகல்தானே, நல்ல பிரதிதான் கடையில் விற்கிறதே" என்று அந்த டேப்பைத் தூக்கிப் போட்டிருந்தால்? அந்த 27 சுற்றும் இன்றைக்கும் பக்கத்துத் தெருவில்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

மூன்று நிமிஷத்தில் அடங்காத தோடி

எலிங்டனுக்கு ஒரு வருஷம் முன்னால், 1898-ல் பிறந்தவர் திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. நியூபோர்ட் கச்சேரி நடந்த அதே 1956-ல், டிசம்பரில் மறைந்தார். தோடி என்றால் அவர், அவர் என்றால் தோடி. அவரிடம் சீடராகச் சேர்ந்து, அவரோடு சேர்ந்து வாசித்து, பிறகு தனிச் செட் கட்டிக்கொண்டு தமிழ்நாடு முழுக்கப் பேர் வாங்கியவர்தான் 1921-ல் பிறந்த காருகுறிச்சி அருணாசலம். பிற்காலத்தில் கோவில்பட்டியில் வாழ்ந்தார். கரிசல் காட்டு எழுத்தாளர் கி.ராஜநாராயணனும் அவர் வாசிப்பில் மனம் பறிகொடுத்த ரசிகர்களில் ஒருவர்.

பெரிய மேளம் என்கிற நம் செட்டின் அமைப்பைப் பாருங்கள். இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், ஒத்து, தாளம். ஆள் எண்ணிக்கையில் எலிங்டன் செட்டில் பாதிகூட இல்லை. சத்தத்தில்? மைக் இல்லாமல் நாலு ரத வீதிக்கும் கேட்கும். கோயில் புறப்பாட்டுக்காக, திறந்தவெளிக்காக உருவான வாத்தியம் அது. கூட்டம் நடந்தபடி, பேசியபடி, சாமி பார்த்தபடி இருக்கும். அந்த இரைச்சலுக்கு மேலே எழும்பி, போகிறவர்களை நிற்க வைக்க வேண்டும். அதற்குத் தக்கபடிதான் ஆச்சா மரத்துக் குழலும், நாணல் சீவாளியும், விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு அடிக்கும் தவிலும்.

இப்படிப்பட்ட இசையை அந்தக்கால இசைத்தட்டில் அடைத்தார்கள். நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் தட்டு. ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான். எலிங்டனின் இரண்டு துண்டுகளும் 1937-ல் ஒரே தட்டின் இரண்டு பக்கங்களாகத்தான் வந்தன. நடுவில் தட்டைத் திருப்ப வேண்டும். பாலம் கட்ட ஏது இடம்? லாங் பிளே தட்டு வந்த பிறகுதான் 14 நிமிஷத்துக்கும் மேல் ஓடும் நியூபோர்ட் வாசிப்பை ஒரே மூச்சில் கேட்க முடிந்தது.

சாமி புறப்பாட்டில் ஒரு ராகத்தை மணிக்கணக்கில் வாசித்த பரம்பரைக்கு மூன்று நிமிஷம் எம்மாத்திரம்! ராஜரத்தினம் பிள்ளை தட்டிலும் தோடி வாசித்தார். வீடு வீடாக அது ஒலித்தது. ஆனால் அது பந்தி இலையின் ஓரத்தில் வைத்த இனிப்பு மாதிரி. சாப்பாடு முழுக்க மேடையில்தான் இருந்தது. காருகுறிச்சிக்கும் அதேதான். சினிமாப் பாட்டு அவரை மூலை முடுக்கெல்லாம் கொண்டு சேர்த்தது. அவர் யார் என்று காட்டுவது, இருமலும் இரைச்சலும் கலந்த அந்த நீளமான கச்சேரிப் பதிவுகள்தான்.

தவறிப்போன சில மாதங்கள்

1963 இலையுதிர் காலத்தில் அமெரிக்க அரசு எலிங்டன் செட்டை ஆசியப் பயணத்துக்கு அனுப்பியது. டெல்லி, சென்னை, மும்பை, கொல்கத்தா என்று இந்தியாவிலும் வாசித்தார்கள். டெல்லியில் கேட்ட மைனாவின் கூவலை வைத்துக்கூட அவர்கள் ஓர் உருப்படி செய்தார்கள். நவம்பர் 22-ல் அதிபர் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டதும் பயணம் பாதியில் நின்றது.

அதற்கு ஒன்பதாவது நாள், 1963 டிசம்பர் 1 அன்று, திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கியது. தாமிரபரணிக் கரைக் கலைஞர்கள் ஒலிபரப்புக்காகத் திருச்சிக்கோ சென்னைக்கோ போக வேண்டியதில்லை. வீட்டு வாசலிலேயே மைக் வந்துவிட்டது.

ஆனால் அடுத்த சில மாதங்களில், 1964-ல், காருகுறிச்சி அருணாசலம் மறைந்தார். நாற்பதுகளின் தொடக்கம்தான் வயது. எலிங்டன் மறுபிறவி எடுத்த வயதைக்கூட அவர் தொடவில்லை. சொந்தச் சீமையில் மைக் வந்த நேரத்தில் அவர் இல்லை. கோவில்பட்டியில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. அவரது நூற்றாண்டையொட்டி லலிதாராம் 'காருகுறிச்சியைத் தேடி' என்று ஒரு புத்தகமே எழுதினார். தேட வேண்டிய நிலைமைதான் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

இன்று இணையத்தில் கேட்கக் கிடைக்கும் பழைய கச்சேரிகளில் பல, யாரோ ஒரு ரசிகர் பெரிய ஸ்பூல் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்ததால் பிழைத்தவை. அந்த ரசிகருக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. டேப் வாங்கிய செலவுக்கு வீட்டில் திட்டு விழுந்திருக்கலாம்.

உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது?

தாமிரபரணிக் கரையில் 1970-களிலும் 80-களிலும் டேப் ரெக்கார்டர் இருந்த வீடுகள் ஏராளம். வெளிநாடு போய் வந்தவர்கள் முதலில் வாங்கி வந்தது அதைத்தான். கல்யாணம், கோயில் கொடை, வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, தேரோட்டம் என்று கேசட்டில் பிடித்து வைத்திருப்பார்கள். இன்று அவை ஒரு பிஸ்கட் டப்பாவில், பரணில், குழந்தைகளின் பழைய பாடப் புத்தகத்துக்குக் கீழே கிடக்கும். அடுத்த பொங்கலுக்கு வீடு ஒதுங்க வைக்கும்போது குப்பைக்குப் போகும். போகும் முன் சில விஷயங்கள்:

* டேப் என்பது பிளாஸ்டிக் நாடாவின் மேல் பூசிய காந்தத் துகள். ஈரம் அதற்கு எதிரி. வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அப்படியே பிளேயரில் போட்டு ஓட விடாதீர்கள். பூச்சு உரிந்தால் இசையும் அதோடு போய்விடும். டிஜிட்டலாக மாற்றித் தரும் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

* மாற்றும்போது சுருக்காத 'வேவ்' கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாகச் சுற்றுவது பல முறை சுருங்கிய நகல். பகிர்வதற்கு அது போதும். பாதுகாக்க அது போதாது. மூலக் கோப்பை இரண்டு வேறு இடங்களில் வையுங்கள்.

* 'இரைச்சலை நீக்கித் தருகிறோம்' என்றால் உடனே தலையாட்ட வேண்டாம். இரைச்சலோடு ஒரு பிரதி கட்டாயம் இருக்கட்டும். இன்று இரைச்சலாகத் தெரிவதில்தான் கூட்டத்தின் 'சபாஷ்' இருக்கும்.

* மிக முக்கியம், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். எந்த ஊர், எந்த விசேஷம், நாயனம் யார், தவில் யார், வருஷம் என்ன. தாத்தாவுக்குத் தெரிந்தது பேரனுக்குத் தெரியாது. பேர் இல்லாத டேப்பில் வாசிப்பவர் அநாமதேயம் ஆகிவிடுவார். அதிலும் தவில்காரர் பேர்தான் முதலில் காணாமல் போகும்.

* இணையத்தில் ஏற்றும் முன், வாசித்தவரின் குடும்பம் இருந்தால் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கப் போன இடத்தில், அவர்களிடமே தங்கள் அப்பாவின் ஒலி ஒன்றுகூட இல்லை என்பது தெரியவரலாம்.

இன்று வாசிப்பவர்களுக்கும்தான்

இது பழைய டேப் சமாசாரம் மட்டுமில்லை. இப்போது கொடைக்குப் போனால் நூறு செல்போன்கள் மேலே எழும்புகின்றன. நூறிலும் பதிவாவது முப்பது விநாடி. ரீல்ஸுக்கு அது போதும். ஆனால் மேளம் சூடு பிடிப்பது முப்பது விநாடியில் தெரியாது. 27-வது சுற்றின் ருசி, முதல் 26 சுற்றையும் கேட்டவருக்குத்தான்.

அடுத்த முறை ஒருவராவது செல்போனைத் தவிலுக்கு நேராக நீட்டாமல், பத்தடி தள்ளி, நாயனம் தெளிவாகக் கேட்கும் இடமாகப் பார்த்து வைத்து, அரை மணி நேரம் முழுதாகப் பதிவு செய்யலாம். முடிந்ததும் வாசித்தவரின் பேரைக் கேட்டு, கோப்புக்கு அந்தப் பேரையே வைக்கலாம். வாசித்தவருக்கே ஒரு பிரதி அனுப்பலாம். வருஷம் முழுக்க ஊர் ஊராக வாசிக்கும் பல கலைஞர்களின் கையில், தாங்கள் வாசித்த ஒரு முழுப் பதிவு இருக்காது.

அதற்கு முன், இன்று இரவு இயர்போனை மாட்டிக்கொண்டு இரண்டு விஷயம் கேட்டுப் பாருங்கள். ஒன்று, நியூபோர்ட் 1956-ன் முழுப் பதிப்பு. கான்சால்வஸ் ஊத ஆரம்பித்ததும் கூட்டத்தின் சத்தத்தையும் சேர்த்துக் கவனியுங்கள். ஏழெட்டுச் சுற்றுக்குப் பிறகு அது எப்படி மாறுகிறது என்று காது கொடுங்கள். இரண்டாவது, காருகுறிச்சியின் ஏதாவது ஒரு முழுக் கச்சேரி. முதல் ஐந்து நிமிஷம் இரைச்சல் உறுத்தும். பொறுங்கள். பிறகு காது தானாகவே அதை ஒதுக்கிவிடும். நாயனத்துக்குப் பின்னால் எங்கோ ஒருவர் தன்னை மறந்து 'ஆஹா' என்பார்.

அந்த 'ஆஹா'வுக்குப் பிறகு அடுத்த பிடி எப்படி வருகிறது என்று கேளுங்கள்.